கணேசலிங்கம் வீட்டுச் சூரியன்

படுக்கையறைக்குள் மணிக்கூடு அலறியது.

குசினியில் தேநீர்க் கோப்பைகளைத் தட்டில் வைத்துக்கொண்டிருந்த பாலாம்பிகையின் கை, யாரும் சொல்லாமலே தண்ணீர்க் குழாயைத் திறந்தது. முகம் கழுவ வேண்டும், கால் நனைக்க வேண்டும், சாமிக்கு விளக்குக் கொளுத்த வேண்டும். பதினொரு குளிர்காலமாக அந்த மணிக்கூடு அலறினால் அவள் உடம்பு இதைத்தான் செய்யும். அவளைக் கேட்டுச் செய்வதில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அடுப்புக்கு மேலே இருந்த கடிகாரம் கண்ணில் பட்டது. மூன்று மணி இருபது.

நேற்று அந்த மணிக்கூடு மூன்று ஐம்பதுக்குத்தான் அலறியது. முந்தநாளும் மூன்று ஐம்பது. ஒரே இரவில் சூரியனுக்கு அப்படி என்ன அவசரம் வந்துவிட்டது?

"என்ன பாலா, வீட்டுக்கை நெருப்புப் பிடிச்சிட்டுதோ? ஏன் இந்தக் கத்துக் கத்துது?" என்று வரவேற்பறையிலிருந்து திரேசம்மா கேட்டாள்.

திரேசம்மா வந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கனடாவில் மொன்றியல் நகரத்து நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு கார்தெரியில், அதாவது வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் காப்பகத்தில், ஒன்பது வருடமாகச் சமையல் அவள் பொறுப்பு. அங்கே உதவியாள் ஒருத்தி வேண்டுமென்று நடத்துகிற மதாம் சொன்னதும், பாலாம்பிகையின் பெயரைச் சொன்னவள் திரேசம்மாதான். மதாம் பாலாம்பிகையை வரச்சொல்லி இரண்டு நாள் வேலை வாங்கிப் பார்த்தாள். எண்பது பிள்ளைகளின் சூப்புக் கோப்பைகள் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த ஒழுங்கைப் பார்த்துச் சொக்கிப்போனாள். நிரந்தர வேலை. காலை பத்திலிருந்து மாலை ஆறுவரை. இரண்டு தாளில் படிவம். அதில் கையெழுத்து வைத்து இன்று மதாம் கதவைப் பூட்டும் முன் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் நாளைக்கு வேறொருத்தி. அவளும் தயாராக வரிசையில் நிற்கிறாள்.

அந்தப் படிவம்தான் வரவேற்பறை மேசையில், திரேசம்மாவின் கையுறைகளுக்குப் பக்கத்தில் கிடந்தது.

படுக்கையறைக் கதவு திறந்தது. கணேசலிங்கம் வெளியே வந்தார். நெற்றி நிறைய விபூதி. வேட்டிக்குக் கீழே இரண்டு சோடி கம்பளிக் காலுறை. முகத்தில், கோயில் தர்மகர்த்தா கொடியேற்றத்துக்கு வந்து நிற்கும்போது இருக்குமே, அந்தக் களை.

"இஞ்சரும், விளக்கைக் கொளுத்தும். நேரமாச்சு" என்றார்.

பாலாம்பிகை தேநீர்த் தட்டைத் தூக்கிக்கொண்டு வரவேற்பறைக்கு வந்தாள்.

இந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லித்தான் ஆகவேண்டும். 1989இல் மொன்றியலுக்கு வந்தவர். உறைந்த மீன் பெட்டிகளை அடுக்கிவைக்கும் ஒரு களஞ்சியத்தில் வேலை. முதல் ஆறு வருடம் இரண்டு வேலை பார்த்தார். அந்த நாட்களில் சூரியன் எப்போது எழும்பியது, எப்போது விழுந்தது என்று அவர் கண்டதில்லை. வீட்டில் ஒரு விளக்கு இருந்ததையும் கண்டதில்லை. பிறகு 1995இல், அதிகாலை நான்கு மணிக்குத் தொடங்கி நண்பகலில் முடிகிற வேலை கிடைத்தது. மற்ற வேலையை விட்டார். மத்தியானம் வந்து சாப்பிட்டுப் படுப்பார்.

அந்தக் கார்த்திகையில் ஒரு நாள் படுத்தவர் ஐந்து மணிக்குக் கண் விழித்தார். அறைக்குள் மையிருட்டு. வெளியேயும் மையிருட்டு. பாலாம்பிகை பிரெஞ்சு வகுப்புக்குப் போயிருந்தாள். மகள் சாருஜா பள்ளிக்கூடம் விட்ட பிறகும் தாய் வரும்வரை அங்கேயே இருப்பாள். யாருமில்லாத வீட்டில், பகலா இரவா என்று தெரியாமல், ஐந்து மணிக்கு விழித்தெழுந்த ஒரு ஆண்பிள்ளை என்ன செய்தார்? எட்டடி நடந்து மின்விளக்கைப் போட்டாரா? இல்லை. குளிர்ச் சட்டையை மாட்டிக்கொண்டு சோபாவின் மூலையில் ஒடுங்கியிருந்தார். ஆறரைக்குத் தாயும் மகளும் கதவைத் திறந்தபோது இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"பொம்பிளை விளக்கு வைக்காத வீடும் ஒரு வீடே?"

பயம் என்ற சொல்லை அவர் வாயால் சொல்லவில்லை. லட்சுமி என்றார். மூதேவி என்றார். பரம்பரை வழக்கம் என்றார். மறுநாள் ஆங்கிலப் பத்திரிகையில் அந்த வாரம் முழுக்கச் சூரியன் மறையும் நேரம் போட்டிருந்த பத்தியை வெட்டிப் படுக்கையறைச் சுவரில் ஒட்டினார். அதன்பின் வாராவாரம் புதிதாக ஒன்று. மணிக்கூட்டை அதற்கு இருபது நிமிடம் முந்தி வைத்தார். அன்றிலிருந்து வீட்டுக்காரி எண்ணெய் விளக்குக் கொளுத்தும்வரை அந்த வீட்டில் மின்விளக்கு எரியக்கூடாது. கொளுத்திய பிறகு கூட்டக்கூடாது, நகம் வெட்டக்கூடாது, சீப்பால் தலை இழுக்கக்கூடாது. முக்கியமாக, வீட்டிலிருந்து எந்தப் பொருளும் வெளியே போகக்கூடாது. பக்கத்து வீட்டுத் தேவதாசனின் மனைவி ஒருமுறை நாலரை மணிக்கு ஒரு வெங்காயம் கேட்டு வந்து, வெறுங்கையோடு திரும்பிப் போனாள். நாலரை மணிக்கு!

யாழ்ப்பாணத்தில் இந்த வழக்கத்தால் யாருக்கும் எந்தக் குறையும் வந்ததில்லை. அங்கே சூரியன் ஒழுங்கான உத்தியோகத்தன். மாசியானாலும் ஆடியானாலும் ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்பின்னாக வீட்டுக்குப் போய்விடுவான். இங்கே ஆனியில் ஒன்பது மணியாகும்வரை போகமாட்டேன் என்று அடம்பிடிப்பான். மார்கழியில் மத்தியானச் சாப்பாடு செமிக்குமுன்னே ஓடிவிடுவான். கணேசலிங்கமோ அந்த ஓட்டத்துக்கெல்லாம் பெண்டாட்டியைக் கூடவே ஓடவிட்டார்.

ஆகவே பாலாம்பிகைக்குச் சித்திரையில் வேலை கிடைக்கும், கார்த்திகையில் போய்விடும். தையல் ஆலையில் இரண்டு கோடை. பாண் ரொட்டி பொதி செய்யும் இடத்தில் மூன்று கோடை. உடுப்புத் தோய்க்கும் கடையில், பூக்கடையில், முதியோர் இல்லத்துக் குசினியில். குளிர்காலத்துக்கென்று ஊர்க் கடிகாரங்களை ஒரு மணி பின்னே தள்ளிவைத்த மறுநாள், நாலரைக்கு இருட்டு விழத் தொடங்கியதும், அவள் முதலாளியிடம் போய் ஏதாவது காரணம் சொல்ல வேண்டும். என் கணவர் இருட்டில் இருக்கிறார் என்று எந்த வெள்ளைக்காரனிடம் சொல்வது? முழங்கால் வலி என்பாள். மாமியார் செத்துவிட்டார் என்பாள். தோய்க்கும் கடைக்காரன் நல்ல மனிதன். அவளைச் சித்திரையில் திரும்பவும் எடுத்தான். அடுத்த கார்த்திகையில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமியாரின் சாவைச் சொன்னபோது, "மதாம், உனக்கு மொத்தம் எத்தனை மாமியார்?" என்று கேட்டான். அந்த மாமியார் இன்றைக்கும் மல்லாகத்தில் திடகாத்திரமாக இருக்கிறார்.

மகள் சாருஜாவுக்குப் பத்து வயதாக இருந்தபோது, குளிர்காலத்தில் விலங்குகள் என்ன செய்கின்றன என்று பிரெஞ்சில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். கரடி குகைக்குள் போகும், அணில் மரப்பொந்துக்குள் போகும், என் அம்மா வீட்டுக்குள் போவார் என்று எழுதிக்கொண்டு வந்தாள். ஆசிரியை சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள். அந்த மகள் இப்போது ஒட்டாவாவில் படிக்கிறாள். குளிர்கால விடுமுறைக்கு வரச்சொன்னால், "அம்மா, அங்கை வெளிச்சம் வந்தாப் பிறகு வாறன்" என்கிறாள்.

கோடையில் கணேசலிங்கத்தின் பக்தி எப்படி இருந்தது என்று கேட்கிறீர்களா? ஒன்பது மணிவரை விளக்குக்காகக் காத்திருந்து சாப்பிடுவது பாலாம்பிகை. அவருக்குச் சீனி வருத்தம், அந்த நீரிழிவு, இருக்கிறதே! ஆறு மணிக்கே புட்டும் கறியும் முடித்து ஏப்பம் விட்டுவிடுவார்.

இத்தனைக்கும் அவர் ஒருநாளும் வேலைக்குப் போகாதே என்று சொன்னதில்லை. அதுதான் அவருடைய கெட்டித்தனம். ஒவ்வொரு கார்த்திகையிலும் அதே வாசகம்: "நான் வேண்டாமெண்டு சொன்னனானே? நேரமெல்லோ வேண்டாமெண்டு சொல்லுது!" பாவம், சூரியன். வாயில்லாத பிராணி. எல்லாப் பழியையும் அதன் தலையில் போட்டுவிட்டு இவர் கையைக் கழுவிக்கொள்வார்.

பாலாம்பிகை அதை நம்பினாள். கடவுளுக்குப் பயந்த மனிதர், கொண்ட வழக்கத்தை விடமாட்டார் என்று நம்பினாள். வேலை போன ஒவ்வொரு முறையும் கண்ணீர் விட்டாலும், அந்தக் கண்ணீருக்கு அடியில் ஒரு மரியாதை இருந்தது. இப்போதும் அந்த மரியாதையோடுதான் வாயைத் திறந்தாள்.

"நேரமாச்சோ?" என்று கேட்டாள். "மூண்டு இருவதுதானே ஆகுது."

"இண்டைக்கு வெள்ளன இருட்டும்போலை கிடக்கு. நீர் கொளுத்தும்."

திரேசம்மா யன்னலைப் பார்த்தாள். முகில் ஒரு துண்டுகூட இல்லை. பூச்சியத்துக்குக் கீழே பதினேழு பாகை. அப்படிப்பட்ட நாட்களில்தான் இந்த ஊர் வானம் துடைத்த கண்ணாடி போலிருக்கும். எதிர்க் கட்டடத்தின் செங்கல் சுவரிலும் கூரைப் பனியிலும் வெயில் கண்ணைக் கூச அடித்துக்கொண்டிருந்தது.

"எங்கை அண்ணை இருட்டுது? என்ரை கண்ணுக்கு வெயில்தான் தெரியுது. கண் டொக்டரிட்டை ஆர் போகோணும், நானோ நீங்களோ?"

"நீங்கள் வேதக்காரர். உங்களுக்கு இது விளங்காது, திரேசம்மா."

"வேதக்காரருக்கும் இந்துக்களுக்கும் வேறை வேறை சூரியனே அண்ணை?"

கணேசலிங்கம் நேரே யன்னலுக்குப் போனார். தடித்த திரைச்சீலை இரண்டையும் இழுத்து மூடினார். அறை மங்கியது. திரும்பி நின்று, ஏதோ ஒரு பெரிய வழக்கில் வென்ற மாதிரி, "இப்ப பாருங்கோ" என்றார்.

அப்போதுதான் பாலாம்பிகைக்கு விளங்கியது. விளக்கு வைத்துவிட்டால் வீட்டிலிருந்து ஒன்றும் வெளியே போகக்கூடாது. அந்தப் படிவம் மேசையிலேயே கிடக்கும். திரேசம்மா வெறுங்கையோடு படியிறங்குவாள். மதாம் கதவைப் பூட்டிவிடுவாள். நாளைக்கு இவர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, நான் வேண்டாமென்று சொன்னேனா என்று கேட்பார்.

தட்டை மேசையில் வைத்தாள். படுக்கையறைக்குள் போனாள். சுவரிலிருந்த பத்திரிகைத் துண்டைக் கிழித்து எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு மூலை சுவரோடு போய்விட்டது.

"நாலு பதினொண்டு" என்று வாசித்தாள். "நேற்றும் நாலு பதினொண்டு. முந்தநாளும் அதுதான். நீங்கள் ஒட்டினதுதான். இதிலை மூண்டு இருவது எங்கை கிடக்கு? காட்டுங்கோ பாப்பம்."

"பேப்பர்காரனும் பிழை விடுவான்தானே?"

"பதினொரு வருசமாப் பிழை விடாதவன், இண்டைக்கு என்ரை வேலைக் கடுதாசி வந்து கிடக்கேக்கை விட்டிட்டானோ?"

"நான் வேலைக்குப் போகவேண்டாமெண்டு சொன்னனானே? நேரமெல்லோ..."

"சொல்லாதேங்கோ!"

அவள் குரல் உயர்ந்து கணேசலிங்கம் கேட்டதில்லை. திரேசம்மாகூடக் கோப்பையை உதட்டிலிருந்து இறக்கிவிட்டாள்.

"ஒண்டே ஒண்டு கேக்கிறன். இந்தப் பதினொரு வருசத்திலை சூரியன் எத்தினை தரம் இப்பிடி உங்களுக்காக முந்திப் போனவர்?"

கணேசலிங்கம் காலுறையைப் பார்த்தார். அந்தப் பார்வை போதும். பாலாம்பிகையின் நெஞ்சுக்குள் ஒவ்வொரு கார்த்திகையாகப் புரண்டது. பூக்கடைக்காரி, மூன்று மணிக்கே வீட்டுக்கு விடுகிறேன், வேலையை விடாதே என்று கையைப் பிடித்துக் கெஞ்சிய அந்த நாள். அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்ததும் அலறிய மணிக்கூடு சரியான நேரத்துக்குத்தான் அடித்ததா? அடித்த நேரத்தைப் பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லையே! முதியோர் இல்லத்தில் ஒரு கிழவர் அவளைத் தன் மகளின் பெயரால் அழைத்து, நாளைக்கும் வா என்று சொன்னாரே, அந்த நாள்? இனி அவளுக்குத் தெரியவராது. களவு போனது எவ்வளவு என்றுகூடத் தெரியாமல் களவு கொடுத்திருக்கிறாள். உண்மையான சூரியனுக்குப் பணிந்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். இரண்டு சோடி காலுறை போட்ட இந்தச் சூரியனுக்கா இத்தனை வருடம்!

கண்ணீர் வந்தது. அவள் துடைக்கவில்லை. போய்த் திரைச்சீலைகளை இழுத்துத் திறந்தாள். வெயில் நேரே வந்து கணேசலிங்கத்தின் முகத்தில் விழுந்தது. அவர் கையால் மறைத்துக்கொண்டார்.

"பாலா, இந்தா பேனை. வை கையெழுத்தை. நான் கொண்டு போறன். வெயில் நிக்கேக்கையே குடுத்திட்டியெண்டால் அண்ணைக்கும் ஒரு கதையில்லை" என்றாள் திரேசம்மா.

பாலாம்பிகை பேனையை வாங்கினாள். ஆனால் கையெழுத்து வைக்கவில்லை.

"மதாம் எத்தினை மணிக்குப் பூட்டுவா?"

"ஆறுக்கு."

"பஸ் எவ்வளவு நேரம்?"

"அரை மணித்தியாலம். பனி கொட்டினால்தான் கூட."

"அப்ப இருங்கோ அக்கா. இன்னொரு தேத்தண்ணி குடிச்சிட்டு ஆறுதலாப் போகலாம்."

"ஏன்ரி? எதுக்கு?"

"சூரியன் போகட்டும்."

கணேசலிங்கத்தின் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. பெண்டாட்டி பணிந்துவிட்டாள் என்று நினைத்தார், அந்தப் புத்திசாலி. தொண்டையைச் செருமிக்கொண்டு சோபாவின் மூலையில் உட்கார்ந்தார். "அதுதான் முறை" என்றார். யாரும் கேட்காமலே தேநீர்க் கோப்பை ஒன்றையும் எடுத்துக்கொண்டார்.

அரை மணித்தியாலத்துக்கு மேல் மூன்று பேரும் அந்த அறையில் இருந்தார்கள். எதிர்க் கூரைப் பனி மஞ்சளானது, பிறகு ரோசாப்பூ நிறமானது, பிறகு நீலம் பூத்தது. செங்கல் சுவரில் வெயில் ஒவ்வொரு மாடியாக ஏறிப்போனது. திரேசம்மாவால் வாயை வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அண்ணை, கனடாவின்ரை வடக்கு முனையிலை மார்கழி மாசம் சூரியனே வராதாம். கார்த்திகையிலை போனால் தை மாசம் தாண்டித்தானாம் வரும். அங்கை நீங்கள் குடியிருந்தால் பாலாவுக்கு ரெண்டரை மாசம் வீட்டுக் காவலோ?"

"அங்கை தமிழ்ச் சனம் இல்லை."

"அந்தச் சனம் பிழைச்சுது."

கடைசி வெயில் கூரை விளிம்பிலிருந்து வழுகிப் போயிற்று. நான்கு பதினொன்று. பாலாம்பிகை எழுந்தாள். முகம் கழுவினாள். உடுப்பு அலுமாரிக்குள் வைத்திருந்த சாமிப் படங்களுக்கு முன்னால் நின்று, திரி திருத்தி, விளக்கைக் கொளுத்தினாள். கண்ணை மூடி வழமையாகச் சொல்லும் தேவாரத்தை ஒரு வரிகூடக் குறையாமல் சொன்னாள். அவளுக்கு விளக்கோடு ஒரு கோபமும் இல்லை.

பிறகு வரவேற்பறைக்கு வந்து மின்விளக்கைப் போட்டாள். மேசையில் குனிந்து, இரண்டு தாளிலும், பாலாம்பிகை கணேசலிங்கம் என்று நிறுத்தி நிதானமாகக் கையெழுத்து வைத்தாள். தாள்களை மடித்துத் திரேசம்மாவிடம் நீட்டினாள்.

"இஞ்சரும்!" கணேசலிங்கம் எழுந்துவிட்டார். தேநீர் வேட்டியில் சிந்தியது. "என்ன செய்யிறீர்? விளக்கு வைச்சாச்சு! இப்ப வெளியிலை குடுத்தால் லட்சுமி போயிடுவா!"

"தெரியும். தெரிஞ்சுதான் குடுக்கிறன்."

"முந்தியே குடுத்திருக்கலாமே, வெயில் நிக்கேக்கை..."

"முந்திக் குடுத்திருந்தால் அதுவும் உங்களைக் கேட்டுக் குடுத்த மாதிரித்தான். எனக்கு அது வேண்டாம்."

"வீட்டுக்கு ஆகாதப்பா!"

"ஆகாட்டில் ஆகாமல் போகட்டும். தை மாசம் தொடக்கம் நான் வீட்டை வர ஆறரை ஆகும். விளக்கை நீங்கள் கொளுத்துங்கோ."

"நானோ? ஆம்பிளை விளக்குக் கொளுத்திறதோ?"

திரேசம்மா காலணிக்குள் பாதத்தை நுழைத்துக்கொண்டே நிமிர்ந்தாள். "உங்கடை கோயிலிலை கொளுத்திற ஐயர் என்ன பொம்பிளையே அண்ணை? எனக்குத் தெரியாமல்தான் கேக்கிறன், நான் வேதக்காரி."

கணேசலிங்கம் விளக்கு இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். ஐம்பத்தாறு வயதில் முதல்முறையாக அந்தச் சந்தேகம் அவருக்கே வந்த மாதிரி இருந்தது.

இந்த ஊர்க் குளிரில் ஒரு ஆள் ஒரு வீட்டை விட்டுப் போவதென்றால் இலேசான காரியமா? திரேசம்மா இரண்டு காலணிகளையும் இழுத்துக் கட்டினாள். சட்டையின் சிப்பை மேலே இழுத்தாள். சால்வையை இரண்டு சுற்றுச் சுற்றினாள். தொப்பியை இறக்கினாள். படிவத்தைச் சட்டைக்கு உள்ளே, நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அத்தனை நேரமும் கணேசலிங்கம் பார்த்துக்கொண்டே நின்றார். எட்டிப் பிடுங்கியிருக்கலாம், கதவை மறித்து நின்றிருக்கலாம், போகாதே என்று வாய் விட்டு ஒரு சொல்லாவது சொல்லியிருக்கலாம். அதற்கெல்லாம் சொந்தமாக ஒரு துணிச்சல் வேண்டும். இதுவரை அவருக்காக எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தவன் அப்போதுதான் மேற்கே போய்விட்டிருந்தான்.

"அப்ப நான் போட்டு வாறன் அண்ணை. தேத்தண்ணி நல்லாயிருந்தது" என்றாள் திரேசம்மா. பிறகு பாலாம்பிகையின் கன்னத்தைக் கையுறையால் ஒருமுறை தட்டினாள். "ரெண்டாம் திகதி பத்து மணி. பிந்தாதை. உனக்காக நான் மதாமிட்டை எந்த மாமியையும் சாகடிக்கமாட்டன்."

பாலாம்பிகை சிரித்தாள். கண்ணீரின் ஈரம் காயாத முகத்தோடு, வாய்விட்டுச் சிரித்தாள்.

கதவு திறந்தது. நடைவழிக் குளிர் ஒரு மூச்சு உள்ளே வந்தது. திரேசம்மாவின் கனத்த காலணிகள் மாடிப்படியில் இறங்கும் சத்தம் மூன்றாம் மாடி, இரண்டாம் மாடி என்று குறைந்து, கீழே தெருக்கதவு அடிபடும்வரை பாலாம்பிகை வாசலிலேயே நின்று கேட்டாள். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.